ஆலைக்குள் நுழைந்த இணைய ஏற்பாடு

இஞ்செக்‌ஷன் மோல்டிங் எந்திரம் ஒன்றிலிருந்து 215 என்று ஓர் எண் வருகிறது. உருகிய பிளாஸ்டிக்கின் வெப்பநிலையா, அச்சுக்குள் இருக்கும் அழுத்தமா, பத்தால் வகுத்துப் படிக்க வேண்டியதா? பழைய முறையில் இதற்கு விடை தயாரிப்பாளரின் மேனுவலில்தான் இருந்தது. பல நிறுவனங்களின் எந்திரங்களைச் சேர்த்து ஓட்டும் ஜெர்மானிய ஆலைகளில் ஒவ்வொன்றுக்கும் தனி நிரல் எழுத வேண்டியிருந்தது. 1996இல் வந்த ஓபிசி என்ற தகவல் பரிமாற்றத் தரம் இந்தச் சிக்கலைப் பாதி தீர்த்தது. ஆனால் விண்டோஸை நம்பியே நின்றது. 2006 முதல் வெளிவந்த ஓபிசி யூஏ அந்தக் கட்டை அறுத்துக்கொண்டு இணையச் சேவைகளின் ஏற்பாட்டைக் கைக்கொண்டது. இதில் எந்திரமே ஒரு சர்வர். அதனிடம் என்னென்ன இருக்கிறது என்று முதலில் துழாவிப் பார்க்கலாம், வேண்டியதைப் படிக்கலாம், மதிப்பு மாறினால் தெரிவிக்கும்படி பதிந்து வைக்கலாம். 215 இப்போது தனியாக வருவதில்லை. எப்போது அளந்தது, நம்பலாமா என்ற குறிப்புகள் கூடவே வரும். அலகையும் எந்திரத்திடமே கேட்டுக்கொள்ளலாம்.

இணையம் மெதுவானது, எந்திரத்துக்கு அது ஒத்துவராது என்பது பழைய ஆட்சேபம். அதில் பாதி நியாயம். தொடக்கத்தில் ஓபிசி யூஏ இணையத்தின் எக்ஸ்எம்எல் செய்திகளையும் ஏற்றது. ஆலைகளோ சுருக்கமான பைனரி வடிவத்தையே விரும்பின. 1.03 பதிப்பில், அந்த எக்ஸ்எம்எல் செய்திகளைச் சுமந்த பழைய சோப் (SOAP) வழி கைவிடப்பட்டது. வடிவம் போயிற்று, சேவை என்ற ஒழுங்கு தங்கியது. இணையத்திடம் கடன் வாங்கத் தக்கது அதுதான் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. மோட்டாரை மைக்ரோநொடிக் கணக்கில் ஆட்டுவிக்கும் வேலையை ஜெர்மனியின் பெக்காஃப் உருவாக்கிய ஈதர்கேட் போன்ற ஆலை வலைப்பின்னல்கள் பார்த்துக்கொள்கின்றன. அங்கே சேவைகள் போய் நிற்க வேண்டிய தேவையே இல்லை.

பாதுகாப்பு பற்றிய அச்சம் இன்னும் கனமானது. ஜெர்மனியின் தகவல் பாதுகாப்பு அலுவலகமான பிஎஸ்ஐ இந்தத் தரத்தை ஆராய்ந்து, வடிவமைப்பில் அடிப்படை ஓட்டைகள் இல்லை என்று 2016இல் அறிவித்தது. ஆனால் பாதுகாப்பே இல்லாமல் இணைக்கும் வசதியும் தரத்திலேயே உண்டு. அவசரத்தில் அதைத் தேர்ந்தெடுப்பவரை எந்தத் தரமும் காப்பாற்றாது. எனக்குப் பெரிதாகப் படும் குறை வேறு. எல்லா எந்திரமும் ஒரே முறையில் பதில் சொன்னாலும், ஒரே அளவை ஆளுக்கொரு பெயரிட்டு அழைத்தால் என்ன பயன்? அதனால்தான் எந்திரத் தயாரிப்பாளர் சங்கமான விடிஎம்ஏ துறைவாரியாகப் பெயர்களை வகுக்கிறது. மெஷின் டூல் வகை எந்திரங்களுக்கான உமாட்டி முயற்சி 2019 ஹனோவர் ஈஎம்ஓ கண்காட்சியில், போட்டி நிறுவனங்களின் எந்திரங்களை ஒரே திரையில் காட்டியது. கம்பியும் நிரலும் எளிதில் கிடைக்கும். போட்டியாளர்கள் ஒரே மேசையில் அமர்ந்து பெயர்ப்பட்டியலுக்கு ஒப்புக்கொள்வதற்குத்தான் ஆண்டுகள் பிடிக்கின்றன.