கப்பல் வாங்க வந்த வக்கீல்

சரித்திரப் படம் என்றாலே நம்மவர்களுக்குத் தனி உற்சாகம். சென்ற ஞாயிறு மாலை மும்பை தாராவியில் ஒரு டீக்கடை முன்னால் அந்தப் பேச்சுதான் களைகட்டியது.

"வீரபாண்டிய கட்டபொம்மனுக்கு ஈடு ஏது? 1960-ல் கெய்ரோவிலே சிவாஜிக்குச் சிறந்த நடிகர் பரிசு வாங்கித் தந்த படமாச்சே!" என்றார் தூத்துக்குடி அண்ணாச்சி ஒருவர். தோல் பட்டறையில் வேலை பார்ப்பவர். கூடியிருந்தோர் ஆமோதித்தனர்.

அடியேன் கட்சி வேறு. அதே பந்துலு, அதே சிவாஜியை வைத்து 1961-ல் எடுத்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்துக்குத்தான் என் ஓட்டு. அது வசூலில் தோற்ற படம். ஆயினும் நம் போன்ற உழைப்பாளிகளுக்குச் சொந்தமான படம்.

அண்ணாச்சியின் மகன் ஏழாம் வகுப்பு, இந்தி மீடியம். தமிழ் பேசுவான், எழுத்துக் கூட்டத் தெரியாது. அப்பாவின் செல்போனில் படத்தைப் பார்த்திருக்கிறான். "மாமா, வக்கீல் ஒருத்தர் மாடு மாதிரி செக்கு இழுப்பாரா? சும்மா சினிமாதானே?" என்று கேட்டான். அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார்.

"நிஜம் தம்பி" என்றேன். வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். பங்கு ஒன்று 25 ரூபாய். கப்பலில்லாமல் ஊர் திரும்புவதில்லை என்ற சபதத்தோடு அவர் வந்து நின்றது இதே பம்பாயில். 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் முன்நின்று கூலி உயர்வு வாங்கித் தந்தார். அதே ஆண்டு நாற்பது ஆண்டுத் தண்டனை. பிறகு அப்பீலில் குறைந்தது. கோவைச் சிறையில் செக்கிழுத்தார். 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கப்பலும் இல்லை, கம்பெனியும் இல்லை.

டாகுமெண்டரிதான் உண்மை, சினிமா கட்டுக்கதை என்பாரும் உண்டு. காந்திஜிக்கு ஏ.கே. செட்டியார் உலகம் சுற்றிப் படச்சுருள் சேகரித்து 1940-ல் டாகுமெண்டரி வெளியிட்டார். அது பெரும் தொண்டு. ஆனால் சிறைக்குள் செக்கிழுத்ததைப் படம் பிடிக்க வெள்ளையன் யாரை விட்டிருப்பான்? அதை ஒரு நடிகர்தான் நமக்குக் காட்ட வேண்டியிருந்தது.

"கப்பல் வாங்க இங்கேயா வந்தாரு? இருபது வருஷமா இருக்கேன், தெரியாமப் போச்சே" என்றார் அண்ணாச்சி. அன்றிரவே மகனோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தாராம்.

வாசக அன்பர்களே, தமிழ் படிக்க வாய்ப்பில்லாத நம் பிள்ளைகளுக்கு இத்தகைய படங்களே சரித்திரப் பாடம். படத்தைப் போட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள். எது நடந்தது, எது நடிப்பு என்று சொல்லிக்கொடுக்க, பக்கத்தில் உட்காருங்கள்.