பச்சைமலை மரவள்ளியும் உலகச் சந்தையும்: தீவிர வானிலையின் இழப்பை அளவிடுதல்

பச்சைமலை என்பது திருச்சிராப்பள்ளி, பெரம்பலூர், சேலம் மாவட்டங்களில் பரவியுள்ள கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதியாகும். இங்கு வாழும் மலையாளி பழங்குடியினரின் முக்கியப் பணப்பயிர்களில் ஒன்று மரவள்ளிக்கிழங்கு. பெரும்பாலும் மானாவாரியாகப் பயிரிடப்படும் இக்கிழங்கு, லாரிகளில் ஆத்தூர், சேலம் பகுதிகளின் ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைகளுக்குச் செல்கிறது. அங்கிருந்து வட மாநிலங்களுக்குப் போகும் ஜவ்வரிசி, விரத நாட்களின் உணவாகிறது. இத்தொழிலே உலக வணிகம் தடைப்பட்டதால் பிறந்தது. இரண்டாம் உலகப்போரின்போது தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வரத்து நின்றபின்தான் சேலத்தில் இது வேரூன்றியது.

வெள்ளம், வறட்சி, வெப்ப அலை, புயல் ஆகியவை வணிகத்தை எவ்வளவு பாதிக்கின்றன என்று ஆராய்வோர், வழக்கமாக ஏற்றுமதிப் புள்ளிவிவரங்களை வெப்பநிலை, மழைப் பதிவுகளோடு ஒப்பிடுகின்றனர். பெஞ்சமின் ஜோன்ஸ், பெஞ்சமின் ஓல்கன் ஆகியோரின் 2010ஆம் ஆண்டு ஆய்வு இவ்வகையில் பலராலும் எடுத்துக்காட்டப்படுவது. ஓராண்டு சராசரி வெப்பம் 1 பாகை செல்சியசு கூடினால், ஏழை நாடுகளின் ஏற்றுமதி வளர்ச்சி 2.0 முதல் 5.7 விழுக்காட்டுப் புள்ளிகள் வரை குறைவதாக அது கண்டது. பணக்கார நாடுகளில் அத்தகைய தாக்கம் பெரிதாகத் தென்படவில்லை. ஒரு நாடு முழுவதற்குமான இந்தக் கணக்கு பயனுள்ளது. ஆனால் ஒரு மலைக் கிராமத்தின் இழப்பு எந்த வழியில் நிகழ்கிறது என்பதை அது காட்டாது.

மழையும் புள்ளியும்

2016இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் அப்போதைய 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. மரவள்ளி வறட்சியைத் தாங்கும் பயிர் என்பது உண்மையே. எனினும் தாங்குவது வேறு, விலை பெறுவது வேறு. ஆலைகள் கிழங்கின் எடையை மட்டும் பார்ப்பதில்லை. அதிலுள்ள மாவுச்சத்தைப் 'புள்ளி'யாக அளந்து விலை தருகின்றன. நீண்ட வறட்சியில் கிழங்கு சிறுக்கிறது. அதன்பின் திடீரெனப் பெருமழை பெய்தால், செடி புதிய இலை விடுவதற்காகக் கிழங்கிலுள்ள மாவுச்சத்தையே எடுத்துக்கொள்கிறது, புள்ளி இறங்குகிறது. நீர் தேங்கினால் கிழங்கு அழுகும். ஆலையிலும் ஜவ்வரிசி பெரும்பாலும் திறந்த களத்தில் வெயிலில் உலர்த்தப்படுவதால், தொடர் மழை உற்பத்தியை நிறுத்திவிடும். ஆலை நின்றால் கிழங்கு வாங்குவதும் நிற்கும். பிடுங்கிய கிழங்கோ சில நாட்களிலேயே கெடத் தொடங்கும்.

விளைச்சல் குறைந்தால் விலை ஏறி இழப்பு ஓரளவு ஈடாகும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. ஒரு வட்டாரத்தில் மட்டும் மழை பொய்க்கும்போது அது எப்போதும் நடப்பதில்லை. ஆலைகள் வேறு மாவட்டக் கிழங்கை வாங்கலாம். ஸ்டார்ச் வாங்கும் தொழிற்சாலைகள் மக்காச்சோள ஸ்டார்ச்சுக்கு மாறலாம். உலக அளவில் மரவள்ளிப் பொருட்களை மிகுதியாக ஏற்றுமதி செய்வது தாய்லாந்து. முதன்மையான கொள்முதலாளர் சீனா. எனவே தாய்லாந்தின் வறட்சி உலக விலையை அசைக்கிறது. பச்சைமலையின் வறட்சி அசைப்பதில்லை.

இரு இடங்களிலும் வானிலை ஒரே நேரத்தில் கெட வேண்டும் என்பதுமில்லை. 2015–16 எல் நினோ காலத்தில் தாய்லாந்து வறண்டது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. எல் நினோ தணிந்த பிறகே தமிழகத்தின் பெரும் வறட்சி வந்தது. ஆகவே ஒரு பயிரின் வணிக இழப்பை ஆராய்பவர், விளையும் ஊரின் மழையோடு போட்டி நாட்டின் மழையையும் பார்க்க வேண்டியுள்ளது.

பூச்சியின் பங்கு

வானிலையின் பங்கைத் தனியே பிரிப்பதும் எளிதன்று. வறண்ட வெப்பத்தில் பெருகும் மரவள்ளி மாவுப்பூச்சி, தாய்லாந்தில் 2008 வாக்கிலும் இந்தியாவில் 2020இலும் காணப்பட்டது. தாய்லாந்தில் பலன் தந்த அதே ஒட்டுண்ணிக் குளவி, ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைக்கப்பட்டு, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிடப்பட்டது. அந்த ஆண்டுகளின் விளைச்சல் குறைவில் வெயிலின் பங்கு எவ்வளவு, பூச்சியின் பங்கு எவ்வளவு என்பதை ஏற்றுமதி எண்களைக் கொண்டு மட்டும் சொல்ல முடியாது.

வணிகப் புள்ளிவிவரத்தில் சேராத இன்னோர் இழப்பும் உண்டு. மரவள்ளி விதையால் அன்றித் தண்டுத் துண்டுகளால் நடப்படுகிறது. கடும் வறட்சியில் தண்டும் காய்ந்துவிட்டால், அடுத்த பருவத்துக்கான நடவுக் கரணையை விலை கொடுத்து வாங்க வேண்டும். மழை திரும்பிய ஆண்டிலும் மலை விவசாயி கடனோடு தொடங்குவது இதனால்தான்.