அளந்து கட்டிய பட்டை

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் சைக்கிள் டியூபை வெட்டி இரண்டு கைகளிலும் இறுகக் கட்டிக்கொண்டு டம்பெல் தூக்கிக்கொண்டிருந்தான். விரல் நுனிகள் நீலம் பாரித்திருந்தன. “உங்க காலுக்குச் செஞ்ச அதே பயிற்சிதான் சார்” என்றான். பதறிப்போய் நானே அவிழ்த்துவிட்டேன்.

முப்பது வருடம் வாலிபால் கற்றுக்கொடுத்த உடற்கல்வி ஆசிரியன் நான். முழங்கால் தசைநார் அறுவைக்குப் பின் என் இடது தொடை இளைத்துப்போனது. தசை திரும்பி வரக் கனமான எடை தூக்க வேண்டும். தைத்த முழங்காலோ அதைத் தாங்காது.

பிசியோதெரபிஸ்ட் என் தொடையின் மேற்பகுதியில் ரத்த அழுத்தம் பார்ப்பது போன்ற அகலமான பட்டையைச் சுற்றினார். டாப்ளர் கருவியில் கால் நாடியைக் கேட்டபடியே காற்றடித்தார். நாடி அடங்கிய அளவைக் குறித்துக்கொண்டு, அதில் 60 சதவீதத்துக்கு இறக்கினார். “ரத்தம் உள்ளே போகும் சார், கொஞ்சம் குறைவா. வெளியே வர்றதுதான் தடைபடும்.”

எடை, என்னால் ஒரே ஒருமுறை தூக்க முடிந்ததில் கால்வாசிதான். முதலில் 30 தடவை. பிறகு 30 விநாடி இடைவெளிவிட்டு மூன்று முறை 15. இரண்டாம் சுற்றிலேயே தொடை தீயாய் எரிந்தது. லேசான வேலைக்கு உடல் ஆக்சிஜனை நம்பும் மெதுவான தசை இழைகளையே கூப்பிடும். ஆக்சிஜன் குறைந்து கழிவு தேங்கியதும் அவை களைத்துவிட, பெரும் பாரத்துக்கென்றே இருக்கும் வேகத் தசை இழைகளும் இறங்கி உழைக்கின்றன.

இந்தப் பட்டைப் பயிற்சி ஜப்பானில் பிறந்தது. 1966இல் புத்த மதச் சடங்கொன்றில் மண்டியிட்டிருந்த யோஷியாகி சாட்டோ என்பவர், மரத்த கெண்டைக்கால் உடற்பயிற்சி செய்தது போலவே விம்மியதை உணர்ந்தார். 1973இல் பனிச்சறுக்கில் அடிபட்டபோது பட்டை கட்டித் தன் காலிலேயே சோதித்தார். அந்த முறைக்குக் ‘காட்சு’ என்று பெயர். கூடுதல் அழுத்தம் என்று பொருள்.

இந்தப் பயிற்சியில் தசையின் பருமன் கனத்த எடைக்கு நிகராகவே வளரும். பலம் அப்படியல்ல, அதில் கனத்த எடைக்கே முதலிடம். அதனால் முழங்கால் ஆறியதும் நானும் எடைக்குத் திரும்பினேன்.

ரத்தக்கட்டு வந்தவர்கள், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. டியூபுக்கு அளவு தெரியாது, நரம்பையும் நசுக்கும்.

மறுநாளே அந்தப் பையனைப் பிசியோதெரபிஸ்டிடம் அழைத்துப்போனேன். பட்டையை எடுப்பதற்கு முன் அவர் கேட்ட முதல் கேள்வி: “வீட்டுல யாருக்காவது ரத்தக்கட்டு வந்திருக்காப்பா?”