அடுப்பு ஜெட்டிலிருந்து ஆகாய விமானம் வரை

புனேயில் குழாய் எரிவாயு இணைப்பு வாங்கிய நம் குடும்பங்கள் ஒன்றைக் கவனித்திருக்கும். இணைப்புக் கொடுக்க வரும் ஊழியர் குழாயை மாட்டியதோடு போய்விடுவதில்லை. அடுப்பின் பர்னருக்குக் கீழே இருக்கும் சிறு பித்தளை ஜெட்டைக் கழற்றி, துளை பெரிதாக உள்ளதைப் பொருத்திவிட்டுத்தான் போவார். எங்கள் வீட்டில் இது நடந்தபோது, "நல்லாத்தானே எரிஞ்சிண்டிருந்தது, எதுக்கு மாத்தறார்?" என்று என் துணைவியார் கேட்டார். காரணம் எளியது. ஒரே கன அளவுக்குச் சிலிண்டர் வாயு தரும் வெப்பத்தில் பாதிகூடக் குழாய் வாயுவான மீத்தேன் தராது. அழுத்தமும் குறைவு. எரிபொருள் மாறினால் துளையும் மாறியாக வேண்டும்.

போசரி, சாகன் பக்கத்துத் தொழிற்கூடங்களில் முப்பது வருடங்களுக்கு மேல் சிறு துளைகளை அளந்து சோதிப்பதே அடியேனின் பிழைப்பாக இருந்தது. ஆகவே இங்கே பொறியியல் படிக்கும் என் அண்ணன் மகள், "சித்தப்பா, ஹைட்ரஜன்ல விமானம் ஓட்டப் போறாங்களாமே, வெடிக்காதா?" என்று கேட்டபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த ஜெட்தான்.

நம் ஊருக்கு ஹைட்ரஜன் புதிதல்ல. பாஷாணில் உள்ள தேசிய ரசாயன ஆய்வுக்கூடம் உள்ளிட்ட சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனங்களும் கே.பி.ஐ.டி. கம்பெனியும் சேர்ந்து உருவாக்கிய ஹைட்ரஜன் பஸ் 2022 ஆகஸ்டில் புனேயில்தான் அறிமுகமானது. ஆனால் அந்தப் பஸ்ஸில் நெருப்பே கிடையாது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எரிபொருள் மின்கலத்தில் கூடி மின்சாரம் தருகின்றன. டர்பைன் எஞ்சினில் அப்படி இல்லை. அங்கே நெருப்பு வைத்தே ஆக வேண்டும்.

அந்த நெருப்பின் குணத்தைப் பாருங்கள். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் பற்றும். ஹைட்ரஜன் 4 முதல் 75 சதவீதம் வரை பற்றும். மீத்தேன் சுடர் அமைதியான கலவையில் விநாடிக்கு சுமார் 40 சென்டிமீட்டர் நகர்ந்தால், ஹைட்ரஜன் சுடர் சுமார் 3 மீட்டர் ஓடும். பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கும் அநேகமாகத் தெரியாது.

அடுப்பை அணைக்கும்போது சில சமயம் "டப்" என்று ஒரு சத்தம் கேட்குமே, அது சுடர் பர்னருக்குள் புகுந்த சத்தம். வாயு வெளியே வரும் வேகம் சுடரின் வேகத்தை விடக் குறைந்தால் சுடர் வந்த வழியே திரும்பி ஓடும். சமையலறையில் இது ஒரு சத்தத்தோடு போய்விடும். எஞ்சினில் சுடர் எரிமுனைக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் உலோகமே உருகிவிடும். துளையைச் சிறிதாக்கினால் போதாதா என்றால், மீத்தேன் சுடர் சுமார் 2 மில்லிமீட்டர் இடுக்கில் அணைந்துவிடும். ஹைட்ரஜன் சுடரோ 0.6 மில்லிமீட்டர் வரை விடாது நுழையும். எஞ்சினுக்குள் இருக்கும் அழுத்தத்தில் அந்த இடுக்கு இன்னும் சிறிதாக வேண்டும்.

சரி, காற்றையும் வாயுவையும் முன்கூட்டியே கலக்காமல் விட்டால்? சுடர் திரும்பி ஓட வழியில்லை. ஆனால் கலக்காமல் எரியும் பெரிய சுடரின் சூடு மிக அதிகம். அந்தச் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனே எரிந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாகி, ஊர்க்காற்றைக் கெடுக்கும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இதுதான்.

ஜெர்மனியில் ஆகன் நகரத்து ஆய்வாளர்கள் இதற்கு ஓர் அழகான வழி கண்டார்கள். ஒரு பெரிய சுடருக்குப் பதிலாக நூற்றுக்கணக்கான குட்டிச் சுடர்கள். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளைகளிலிருந்து ஹைட்ரஜன், குறுக்கே வேகமாகப் பாயும் காற்றில் பீய்ச்சப்படுகிறது. முன்கலவை இல்லாததால் திரும்பி ஓடும் பயமில்லை. சுடர் குட்டையானதால் வாயுக்கள் அந்தச் சூட்டில் தங்கும் நேரமும் குறைவு; புகைக்கேடும் குறைகிறது. ஜப்பானின் கவாசாக்கி கம்பெனி இந்த முறையில் சேர்ந்து உழைத்தது. கோபே நகரில் 2018இல் 1 மெகாவாட் வகுப்பு டர்பைன் ஒன்று வெறும் ஹைட்ரஜனில் ஓடி அக்கம்பக்கத்துக்கு மின்சாரமும் வெப்பமும் கொடுத்தது. அப்போது புகைக்கேட்டைக் குறைக்கத் தண்ணீர் பீய்ச்ச வேண்டியிருந்தது. 2020இல் தண்ணீர் இல்லாமலே குட்டிச் சுடர் முறையில் ஓட்டிக் காட்டினார்கள்.

காகிதத்தில் இது சுலபம். நூற்றுக்கணக்கான துளைகளில் ஒன்றின் விளிம்பில் முடியளவு பிசிறு நின்றாலும் அந்தத் துளையின் பீய்ச்சல் கோணும். அங்கே மட்டும் சூடு ஏறும். பழைய பம்ப் ஸ்டவ்வில் நிப்பிள் அடைத்தால் பின்னை விட்டுக் குத்திச் சரிசெய்தோம். முப்பதாயிரம் அடி உயரத்தில் யார் பின்னை விடுவது? ஆகவே என் கண்ணுக்கு இது வடிவமைப்பாளரின் பிரச்சினை பாதி, பட்டறையின் பிரச்சினை பாதி. லீப் விமான எஞ்சினில் சுமார் 20 துண்டுகளை ஒட்டிச் செய்ய வேண்டிய எரிமுனை நுனியை, உலோகத் தூளை லேசரால் அடுக்கடுக்காக உருக்கி ஒரே துண்டாகச் செய்கிறார்கள். அமெரிக்காவில் நடக்கும் வேலை அது. ஆனால் அதே ஜி.இ. கம்பெனி 2015இல் திறந்த சாகன் தொழிற்சாலையிலும் விமான எஞ்சின் பாகங்கள் உருவாகின்றன. அந்த நுணுக்கம் தெரிந்த கைகள் இந்த ஊரில் உண்டு.

இன்னொரு வேடிக்கை. ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் எரிந்து 36 பேர் மாண்டு, ஹைட்ரஜன் என்றாலே உலகம் நடுங்கிய ஆண்டு 1937. அதே ஆண்டில்தான் ஜெர்மனியில் ஹான்ஸ் வான் ஓஹைன் தம் முதல் ஜெட் எஞ்சினைச் சோதித்தார். எரிபொருள் ஹைட்ரஜன்! திரவ எரிபொருளை ஒழுங்காக எரிக்கும் வித்தை அப்போது கைவரவில்லை. ஹைட்ரஜன் சுலபமாக எரிந்தது. நம் திருநெல்வேலிச் சீமையின் மகேந்திரகிரியிலும் இஸ்ரோ கிரையோஜெனிக் எஞ்சின்களில் ஹைட்ரஜனை எரித்துச் சோதிக்கிறது. ஆனால் ராக்கெட்டுக்குச் சில நிமிட வேலை. விமான எஞ்சின் ஆயிரக்கணக்கான மணி நேரம் உழைக்க வேண்டும்.

ரோல்ஸ் ராய்ஸ் 2023இல் ஜெர்மனியின் கொலோன் நகரில், ஒரு விமான எஞ்சினின் எரிஅறையை விமானம் கிளம்பும் நிலைக்குரிய முழு வேகத்தில் வெறும் ஹைட்ரஜனில் சோதித்தது. ஆனால் 2035இல் ஹைட்ரஜன் விமானம் என்று சொல்லியிருந்த ஏர்பஸ், 2025இல் அந்தக் கெடுவைத் தள்ளிவைத்தது. மைனஸ் 253 டிகிரியில் திரவமாக்கினாலும், அதே சக்திக்கு விமான எரிபொருளைப் போல நான்கு மடங்கு இடம் கேட்கிறது ஹைட்ரஜன். டாங்கியை எங்கே வைப்பது, விமான நிலையத்தில் எப்படி நிரப்புவது என்பதெல்லாம் பாக்கி.

இதையெல்லாம் கேட்டபின் அண்ணன் மகள், "அப்ப நான் வேலைக்குப் போறதுக்குள்ள வராதா சித்தப்பா?" என்றாள். "விமானம் வருமோ என்னமோ, ஜெனரேட்டர் டர்பைன் முன்னாடி வரும். துளை போடக் கத்துக்கோ" என்றேன். இப்போது கல்லூரிப் பட்டறையில் பித்தளைத் தகட்டில் அரை மில்லிமீட்டர் துளைகள் போட்டுக்கொண்டிருக்கிறாள். டிரில் பிட்டுகள் பட்பட்டென்று முறிகின்றனவாம்.