கம்பியில்லாக் காவல் மணி

வீட்டுக்குக் கம்பியில்லாக் காவல் மணி வாங்க எண்ணுவோர், கம்பியுள்ள பழைய மணியின் வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம். அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலத்தவரான அகசுடசு போப் என்பார், திருடரை அறிவிக்கும் மின்மணி ஒன்றுக்கு 1853ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். கதவு திறந்ததும் மின்சுற்று இணைந்து மணி ஒலிக்கும். ஆனால் கம்பியை முன்னதாகவே அறுத்துவிட்டால் இத்தகைய மணி ஊமையாகிவிடும் அன்றோ? ஆகவே பின்வந்தோர் முறையைத் தலைகீழாக்கினர். சுற்றில் எந்நேரமும் சிறிது மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். கதவு திறந்தாலும் கம்பி அறுபட்டாலும் அவ்வோட்டம் நிற்கும். நின்றதும் மணி ஒலிக்கும். கம்பியே கம்பிக்குக் காவலாயிற்று.

இன்று மலேசிய வரிசை வீடுகளிலும் சிங்கப்பூர் அடுக்குமாடிகளிலும் பொருத்தப்படும் கருவிகள் பல கம்பியில்லாதவை. சுவரைத் துளைக்க வேண்டியதில்லை. வீடு மாறும்போது கழற்றிக்கொண்டும் போகலாம். எனினும், கம்பியோடு அது தந்த காவலும் போய்விட்டதை வாங்குவோர் பலர் எண்ணுவதில்லை. கதவில் ஒட்டிய உணர்கருவி பேசாதிருந்தால், கதவு மூடியிருக்கிறது என்று பொருள் கொள்ளலாம். மின்கலம் தீர்ந்துவிட்டது என்றும் கொள்ளலாம். திருடன் வேறோர் அலையைப் பரப்பி அதன் குரலை அமுக்கிவிட்டான் என்றும் கொள்ளலாம். ('வயர்லெஸ்' என்னும் சொல்லே இல்லாததைத்தான் கூறுகிறது, இருப்பது இன்னதென்று கூறவில்லை.)

ஆகவே கடைக்காரரிடம் முதலாவதாகக் கேட்க வேண்டியது, சங்கு எவ்வளவு உரக்க ஊதும் என்பதன்று. உணர்கருவிகள் குறித்த கால இடைவெளியில் 'நான் இருக்கிறேன்' என்று நடுக்கருவிக்குச் செய்தி அனுப்புகின்றனவா, அது வராவிடில் நடுக்கருவி வீட்டுக்காரருக்கு அறிவிக்குமா என்பதே. மலிவான கருவிகள் பல, கதவு திறக்கும்போது மட்டும் 433 மெகாஹெர்ட்சு அலையில் கூவிவிட்டு ஓய்ந்துவிடும். கூவியது நடுக்கருவிக்குக் கேட்டதா என்பதை அவை அறியா. சற்று விலை உயர்ந்தவை இருவழியாகப் பேசும். விடை வராவிடில் மீண்டும் கூவும். இவ்வேறுபாட்டைப் பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிடுவதில்லை. கையேட்டில்தான் தேட வேண்டும்.

நடமாட்டத்தை உணரும் அகச்சிவப்புக் கருவி, உடல் வெப்பத்துக்கும் சுற்றுப்புற வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டே ஆளை அறிகிறது. பிற்பகலில் பூட்டிய கூடம் 34, 35 பாகை செல்சியசை எட்டினால் அவ்வேறுபாடு மிகவும் சுருங்கிவிடும். வெப்பத்துக்கேற்பத் தன் கூர்மையைத் திருத்திக்கொள்ளும் வகையே நம் தட்பவெப்பத்துக்கு ஏற்றது. முகப்பின்மேல் பல்லி ஊர்ந்தாலும் அது ஆள் என்றே கொள்ளக்கூடும். இரண்டு மூன்று முறை பொய்யாக ஊதிய சங்கை அண்டை வீட்டார் பின்னர் பொருட்படுத்தமாட்டார். வீட்டுக்காரரே அதை அணைத்து வைத்துவிடுவதும் உண்டு.

இனி, செய்தி வீட்டைவிட்டு வெளியே செல்லும் வழியைப் பார்ப்போம். வீட்டு இணையத்தை மட்டும் நம்பிய கருவி, இடிமழையில் மின்சாரம் தடைப்பட்டால் செய்தி அனுப்ப இயலாது. ஆகவே நடுக்கருவிக்குத் துணை மின்கலமும் கைப்பேசி அட்டையும் வேண்டும். பழைய கருவியை மலிவாக வாங்குவோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். 3ஜி சேவை மலேசியாவில் 2021இன் முடிவிலும் சிங்கப்பூரில் 2024இலும் நிறுத்தப்பட்டது. அச்சேவையை மட்டுமே நம்பிச் செய்யப்பட்ட கருவி, திருடன் நுழைந்தால் வீட்டில் சங்கு ஊதும். ஊருக்குப் போயிருக்கும் வீட்டுக்காரருக்கு ஒரு செய்தியும் வராது.