கடல் வற்றும் நேரத்தில் வகுப்பு

கடல் வற்றும் நேரம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வெளியே தெரிந்த பாறை, வெள்ளிக்கிழமை அதே மணிக்குத் தண்ணீருக்குள் கிடக்கும். அந்தப் பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியையும் பாசியையும் பார்த்துப் படிக்க வேண்டிய மாணவருக்கோ பத்து மணிக்குப் பொருளாதார வகுப்பு, மதியம் வேதியியல் ஆய்வகம். கால அட்டவணைக்குக் கடல் கட்டுப்படுமா?

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், லூயிஸ்டன் நகரிலுள்ள பேட்ஸ் கல்லூரி இந்தச் சிக்கலிலிருந்து தப்பிக்கும் வழி எளிமையானது. இரண்டு முழுப் பருவங்களும் முடிந்தபின், ஏப்ரல் இறுதியில் ஐந்து வாரக் குறும்பருவம் ஒன்று தொடங்குகிறது. அதில் ஒரு மாணவருக்கு ஒரே ஒரு பாடம்தான். நம் ஊரில் வெயிலுக்குப் பயந்து கல்லூரிகளைப் பூட்டும் காலம் அது. மெய்னில் அப்போதுதான் பனி கரைந்து, சேறு காய்ந்து, வெளியே இறங்கி நடக்க முடிகிறது. பிப்ஸ்பர்க் கடலோரத்தில் காடும் உப்புச் சதுப்பும் மணற்கரையுமாக ஏறத்தாழ 600 ஏக்கர் நிலத்தை அந்தக் கல்லூரி பராமரித்து வருகிறது. களப்பாடத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. விடியற்காலை ஐந்து மணிக்குக் கடல் வற்றினால் ஐந்து மணிக்கே போகலாம். மாணவரை வேறு எந்த ஆசிரியரும் தேடப்போவதில்லை.

'நெகிழ்வான படிப்பு' என்றதும் விருப்பப்பட்ட நேரத்தில் கணினி முன் உட்கார்ந்து படிப்பதையே இன்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அது பாதி நெகிழ்வாகத்தான் தெரிகிறது. குறும்பருவத்தில் நேரத்தை முடிவு செய்வது மாணவரின் வசதியல்ல, படிக்கப்படும் பொருள். சூளையில் வைத்த மண்பாண்டம் ஆறும்வரை காத்திருக்கலாம். நாடக ஒத்திகையை நள்ளிரவு வரை இழுக்கலாம். ஐந்து வாரம் குறைவான காலம் என்றாலும், ஒவ்வொரு நாளும் முழுசாகக் கையில் இருக்கிறது.

பேட்ஸில் இன்னொரு துணிச்சலும் உண்டு. பேராசிரியர் அல்லாத, அந்தந்தத் தொழிலிலேயே இருப்பவர்கள் வந்து சில பாடங்களை நடத்துகிறார்கள். வேறு சிலவற்றில், வழக்கமான பருவத்துக்குரிய ஒரு பாடத்தை ஆசிரியரும் மாணவர்களும் சேர்ந்து உட்கார்ந்து திருத்தி அமைக்கிறார்கள். தன் பாடத்திட்டத்தில் மாணவரைக் கைவைக்க விடும் ஆசிரியருக்கு நிறையப் பொறுமை வேண்டும்.

குறும்பருவம் புதிய சரக்கல்ல. இன்று எக்கர்ட் கல்லூரி எனப்படும் புளோரிடா நிறுவனம் 1960-இல் வகுப்புகளைத் தொடங்கியபோதே ஜனவரி மாதத்தை இப்படி ஒதுக்கிவைத்தது. எம்.ஐ.டி.யின் ஜனவரிப் பருவம் 1971 முதல் நடக்கிறது. வர்ஜீனியாவின் வாஷிங்டன் அண்ட் லீ பல்கலைக்கழகம் ஆறு வாரமாக இருந்த தன் வசந்தப் பருவத்தை 2010-இல் நான்கு வாரமாகச் சுருக்கி, ஒரு பாடம் என்ற கணக்குக்கு வந்தது. கொலராடோ கல்லூரி இன்னும் ஒரு படி மேலே போய், 1970-லிருந்து ஆண்டு முழுவதையுமே மூன்றரை வாரத் துண்டுகளாக்கிவிட்டது. ஒரு துண்டுக்கு ஒரு பாடம்.

எல்லாப் பாடத்துக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். கணிதத்தில் ஒரு கருத்து மண்டையில் இறங்க இடைவெளி வேண்டும். இன்று புரியாத தேற்றம் பத்து நாள் கழித்துச் சட்டென்று புரியும். ஐந்து வாரத்தில் அந்தப் பத்து நாளை எங்கே தேடுவது? ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டால் பாடத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்.

பணக் கணக்கும் இருக்கிறது. பாடம் வளாகத்தைத் தாண்டி வெளிநாடு வரை போகும்போது பயணச் செலவு கூடும். அதற்கு உதவித்தொகை இல்லையென்றால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள்தான் போவார்கள். கோடை விடுமுறையில் சம்பாதித்துத்தான் அடுத்த ஆண்டை ஓட்டவேண்டும் என்ற நிலையில் இருப்பவருக்கு மே மாதமும் முக்கியம். மற்றக் கல்லூரி மாணவர்கள் வேலையில் சேர்ந்துவிட்ட அந்த வாரங்களில், இவர் இன்னும் வகுப்பில் இருப்பார்.