கணிப்பொறி படுத்தாலும் கணக்கு படுக்கக் கூடாது

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் நின்று கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலை வரையிலான ஒரே நாளில் மயிலத்தில் மட்டும் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. திண்டிவனம், விழுப்புரம் வட்டாரம் முழுவதும் வெள்ளக்காடானது. இதை நம் வணிகர்கள் யாருக்கும் நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

நனைந்த அரிசி மூட்டையை எண்ணிவிடலாம். கெட்டுப்போன பருப்பையும் சர்க்கரையையும் விலை போட்டு நட்டத்தைக் கூட்டிவிடலாம். ஆனால் யார் யார் எவ்வளவு பாக்கி, எந்த மொத்த வியாபாரிக்கு நாம் எவ்வளவு தர வேண்டும் என்ற கணக்கே தண்ணீரில் போனால் அந்த நட்டத்தை எதை வைத்துக் கூட்டுவது? நாள்வழியும் பேரேடும் எழுதிய காலத்தில் கணக்குப் பிள்ளை அவற்றைப் பரண் மேல் ஏற்றி வைப்பார். இன்று அந்தப் பேரேடு வீட்டு மேசையில் இருக்கும் கணிப்பொறிக்குள், ஹார்ட் டிஸ்க் என்னும் உள்ளங்கை அளவுப் பெட்டிக்குள் இருக்கிறது. புயல்தான் வர வேண்டும் என்பதில்லை. சாதாரண நாளிலேயே அது நின்றுவிடும்.

சட்டமும் நம்மை விடாது. ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஓர் ஆண்டுக்கான ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்யக் கடைசித் தேதி எதுவோ, அதிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். 2023-24 ஆண்டுக்கான கடைசித் தேதி 2024 டிசம்பர் 31. ஆகவே அந்த ஆண்டுக் கணக்கு 2030 டிசம்பர் 31 வரை நம் கையில் இருந்தாக வேண்டும். கணக்கைக் கணிப்பொறியில் வைப்பவர்கள், விபத்தோ இயற்கைச் சீற்றமோ நேர்ந்தால் திரும்ப எடுக்கும்படி நகல் வைத்திருக்க வேண்டும் என்றும் ஜி.எஸ்.டி. விதி 57 சொல்கிறது. "டிஸ்க் போய்விட்டது" என்பது அதிகாரியிடம் சொல்லத்தக்க பதில் அல்ல.

நோய் எங்கே என்று பாருங்கள்

கணிப்பொறி மக்கர் செய்தவுடன் "டிஸ்க் போச்சு" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மளிகைக் கடையில் இருக்கும் கணிப்பொறிக்கு மாவுத் தூசியும் மிளகாய்த்தூளுமே முதல் எதிரி. காற்றாடியில் தூசி அடைத்தால் உள்ளே சூடேறி இயந்திரம் தானாக அணைந்துவிடும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மூடியைத் திறந்து, மென்மையான தூரிகையால் துடைத்தாலே சில இயந்திரங்கள் பழையபடி ஓடும்.

பொத்தானை அழுத்தியும் விளக்கே எரியவில்லை, அல்லது எரிந்து உடனே அணைகிறது என்றால் எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்பெட்டியைச் சந்தேகிக்க வேண்டும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில் முதலில் அடிவாங்குவது அதுதான். காற்றாடி சுற்றுகிறது, பீப் பீப் என்று சத்தம் வருகிறது, திரையில் ஒன்றும் இல்லை என்றால் பெரும்பாலும் ராம் எனப்படும் நினைவகப் பட்டை சரியாகப் பொருந்தவில்லை. அதைக் கழற்றி, அதன் பொன்னிறப் பல்லைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்து மீண்டும் பொருத்துவது பழுது பார்ப்பவர்கள் எல்லோரும் முதலில் செய்யும் வேலை.

ஒவ்வொரு நாளும் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போகிறதா? உள்ளே இருக்கும் சி.ஆர். 2032 என்ற பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது. சில பத்து ரூபாய்ச் சமாசாரம். ஆனால் கவனிக்காமல் பில் போட்டால் தவறான தேதியில் விற்பனை பதிவாகி, மாத முடிவில் கணக்கு ஒத்துவராது.

டிஸ்க்கின் நோய்க்கு அறிகுறிகள் வேறு. கணக்குக் கோப்பு திறக்க வழக்கத்தைவிடப் பல மடங்கு நேரம் எடுக்கும். ஒரு கோப்பு நேற்று திறந்தது, இன்று திறக்காது. கோப்பை நகல் எடுக்கும்போது பாதியில் நின்று பிழை என்று காட்டும். டிஸ்க் இருப்பதாகவே இயந்திரம் சில நேரம் அறியாது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும், வேறு எதையும் செய்வதற்கு முன் கணக்கை வெளி டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ நகல் எடுத்துவிட வேண்டும். பழுது நீக்கும் நிரல்களை ஓட்டுவது, விண்டோஸை மறுபடி ஏற்றுவது எல்லாம் அதற்குப் பிறகுதான். பழுது நீக்கும் நிரலும் அதே டிஸ்க்கில்தான் எழுதுகிறது. நோயாளியை ஓட விட்டு வைத்தியம் பார்ப்பது போல் ஆகிவிடும்.

நகல் எடுத்தபின் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். விலை குறைந்த இந்தக் கேபிள் தளர்ந்திருந்தாலும் இதே அறிகுறிகள் தோன்றும். அடுத்து, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச நிரலை ஓட்டலாம். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் என்ற பதிவேட்டை அது படித்துக் காட்டும். கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர்கள், மாற்றக் காத்திருக்கும் செக்டர்கள் என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். சுழியமாக இருந்தால் நல்லது. எண் நாளுக்கு நாள் ஏறினால் அந்த டிஸ்க்குக்கு நாள் எண்ணப்படுகிறது.

கூகுள் நிறுவனத்தார் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். பரப்பைச் சோதிக்கும்போது முதல் பிழை தோன்றிய டிஸ்க், பிழை இல்லாததைவிட அடுத்த 60 நாட்களுக்குள் செத்துப்போக 39 மடங்கு வாய்ப்பு அதிகம் என்று கண்டனர். அதே அறிக்கை இன்னொன்றும் சொன்னது: செத்துப்போன டிஸ்க்குகளில் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான நான்கு எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே செத்தன. ஆகவே எச்சரிக்கை வந்தால் நம்புங்கள். வரவில்லை என்பதால் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

செய்யக் கூடாதவை

டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். உள்ளே தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 சுற்றுச் சுற்றுகிறது. தட்டின் மேல் முடியை விட மெல்லிய இடைவெளியில் படிக்கும் முனை மிதக்கிறது. அந்த முனை கெட்டபின் ஓட விட்டால் அது தட்டையே சுரண்டிவிடும். பிறகு எந்த நிபுணராலும் எடுக்க முடியாது. தட்டிப் பார்ப்பது, குளிர்பெட்டியில் வைப்பது, திருகைக் கழற்றித் திறந்து பார்ப்பது எல்லாம் மிச்சமிருப்பதையும் கெடுக்கும்.

வெள்ளத்தில் நனைந்த கணிப்பொறியை "ஓடுகிறதா பார்ப்போம்" என்று போடவே கூடாது. பெரும்பாலான டிஸ்க்குகளில் காற்று போய்வர ஒரு சிறு துளை உண்டு. அதன் வழியே சேற்று நீர் உள்ளே போயிருக்கும். வெயிலில் காய வைத்தால் சேறு தட்டின் மேலேயே ஒட்டிக் காய்ந்துவிடும். ஈரத்தோடு ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, தரவு மீட்கும் தொழில் செய்வோரிடம் கொடுப்பதே முறை. அந்தக் கூலி புது டிஸ்க்கின் விலையைப்போல் பல மடங்கு ஆகலாம். நகல் வைத்திருப்பவருக்கு அந்தச் செலவே இல்லை.

புதிய டிஸ்க் வாங்கும்போது

இன்று சந்தையில் இரண்டு வகை. ஒன்று தட்டு சுற்றும் ஹார்ட் டிஸ்க். மற்றொன்று சுற்றும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. பில் போடவும் கணக்கு எழுதவும் எஸ்.எஸ்.டி.யே ஏற்றது. வேகம் அதிகம், அதிர்ச்சி தாங்கும். பழைய இயந்திரமும் இதைப் போட்டவுடன் சுறுசுறுப்படையும். சிறு கடையின் பல ஆண்டுக் கணக்கும் பெரிய இடத்தை அடைப்பதில்லை. ஆகவே 250 அல்லது 500 ஜி.பி. தாராளம். நகல் வைக்கவும் கண்காணிப்புக் கேமராப் பதிவுக்கும் சுற்றும் டிஸ்க்கே மலிவு. கேமராவுக்கு இரவு பகலாக எழுதுவதற்கென்றே செய்யப்பட்ட வகை தனியாக உண்டு. அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

வாங்கப் புறப்படுமுன் பழைய டிஸ்க்கைக் கழற்றிக் கையில் எடுத்துச் செல்லுங்கள். மேசைக் கணிப்பொறியின் சுற்றும் டிஸ்க் மூன்றரை அங்குலம். மடிக்கணிப்பொறியின் டிஸ்க்கும் சாட்டா எஸ்.எஸ்.டி.யும் இரண்டரை அங்குலம். எம்.2 என்ற சிறு பட்டை வடிவத்திலும் வருகிறது. அதில் சாட்டா, என்.வி.எம்.இ. என இரு பிரிவு. பார்வைக்கு ஒன்று போலிருந்தாலும் ஒன்றின் இடத்தில் மற்றது ஓடாமல் போகலாம். நம் இயந்திரத்தின் மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்பதே பாதுகாப்பு.

ஒரு டெராபைட் என்று வாங்கியது திரையில் 931 ஜி.பி. என்று காட்டும், 500 என்று வாங்கியது 465 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. ஊருக்கு ஊர் படி அளவு மாறிய கதைதான் இது, சரக்கு குறையவில்லை.

உண்மையான ஏமாற்று வேறு இடத்தில் இருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்று ஏறினாற்போல் எழுதும் எஸ்.எம்.ஆர். வகை டிஸ்க்குகளைச் சில வரிசைகளில் அதைக் குறிப்பிடாமலே பெரிய நிறுவனங்கள் விற்றது 2020-இல் வெளியாகிப் பெரும் சர்ச்சை ஆயிற்று. அடிக்கடி எழுதும் வேலைக்கு இது மெதுவாகும். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில், பல்லாயிரம் மணி நேரம் ஓடிய டிஸ்க்குகளின் பதிவேட்டைச் சுழியமாக்கிப் புதியவை என்று விற்றது அம்பலமானது. நம் சரக்கில் பழைய பருப்பைப் புதுச் சாக்கில் கட்டுவது போன்றதே இது. ஆகவே வாங்கிய அன்றே ஓடிய மணி நேரத்தைப் பாருங்கள். வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டு உத்தரவாதக் காலம் எதுவரை என்றும் பாருங்கள்.

ரசீது இல்லாமல் நூறு இருநூறு குறைத்துத் தருகிறேன் என்பார்கள். சென்னை ரிச்சி தெரு ஆனாலும் உள்ளூர் ஆனாலும் ஜி.எஸ்.டி. ரசீதோடே வாங்குங்கள். உத்தரவாதத்துக்கு அதுதான் ஆதாரம். தொழிலுக்கு வாங்கியதென்றால் செலுத்திய 18 சதவீத வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை.

விலையும் நம் சரக்கைப் போலவே ஏறி இறங்கும். 2011-இல் தாய்லாந்தில் வெள்ளம் வந்து வெஸ்டர்ன் டிஜிட்டலின் ஆலை மூழ்கியதும் உலகெங்கும் டிஸ்க் விலை தாவியது. 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவையால் நினைவகச் சில்லுகளின் விலை ஏறியது. டிஸ்க் தளர்கிறது என்று தெரிந்தபின் விலை இறங்கட்டும் என்று காத்திருப்பது லாபம் அல்ல. இயந்திரமே மிகப் பழையதென்றால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. புது விண்டோஸை ஏற்காத இயந்திரத்துக்கு விலையுயர்ந்த டிஸ்க் போடுவது, ஓட்டை வண்டிக்குப் புதுச் சக்கரம் போடுவது போலாகும்.

மூன்று நகல்

கணக்கு மூன்று இடத்தில் இருக்க வேண்டும். கணிப்பொறியில் ஒன்று. வெளி டிஸ்க்கில் ஒன்று. நகல் எடுத்தவுடன் அதைக் கழற்றிவிட வேண்டும், இல்லையேல் இடி மின்னலும் வைரஸும் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும். மூன்றாவது வேறு ஊரில், அல்லது இணையச் சேமிப்பில். மயிலத்தில் கடையும் கூட்டேரிப்பட்டில் வீடும் இருந்தால் இரண்டு இடம் என்று ஃபெஞ்சலுக்கு முன் சொல்லியிருப்போம். ஒரே மழை இரண்டையும் நனைக்கும் என்று அந்த இரவு காட்டியது. சென்னையில் படிக்கும் பிள்ளையிடமோ, வெளியூர் உறவினரிடமோ மாதம் ஒரு நகல் இருப்பது நல்லது.

நகல் எடுத்தால் மட்டும் போதாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்த நகலை வேறு கணிப்பொறியில் திறந்து, ஒரு வாடிக்கையாளரின் பாக்கி சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். திறக்காத நகல், முத்திரை போடாத எடைக்கல் போன்றது.

பழைய டிஸ்க்கைக் காயலான் கடைக்கு அப்படியே போடாதீர்கள். அதில் வாடிக்கையாளரின் ஆதார் நகலும் வங்கிக் கணக்கும் இருக்கலாம். அழித்தாலும் மீட்டெடுக்க வழியுண்டு. தட்டில் துளையிட்டு, மின்னணுக் கழிவு வாங்கும் அங்கீகாரம் பெற்றவரிடம் கொடுங்கள்.

இதற்கெல்லாம் ஆகும் செலவு ஒரு வெளி டிஸ்க்கும், வாரம் அரைமணி நேரமும்தான். வணிகப் பெருமக்கள் வெள்ளிக்கிழமை தோறும் கடைக்குச் சாம்பிராணி போடுவதைத் தவறவிடுவதில்லை. அதே நாளில் கணக்குக்கும் ஒரு நகல் எடுத்து வைக்கும் வழக்கத்தை இந்த வாரமே தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.